உங்களுக்குத் தெரியுமா? சாம்பாரிலும் கோதுமை!

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை ஓட்டல்களில் கிடைக்கும் அரிசிப்புட்டு, அப்பம், இடியாப்பம் போதுமே, கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு என்ன கவலை என்று தோன்றும். பக்கத்திலேயே சாலைக் கடைத்தெருவில் சாம்பாருக்கு வாங்கும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்!

கோதுமை, பார்லி, ரை தானியங்களிலுள்ள புரதம் குளூட்டன். சீலியாக் நோயாளிகளுக்கு இது உள்ளே போனால், உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைச் சிதைக்கும். வயிற்றுப்போக்கு மட்டுமல்ல, தீராத ரத்தசோகையும் குழந்தையின் வளர்ச்சிக் குறைவும்கூட அறிகுறிகள்தான்.

2016-இல் வெளியான இந்திய ஆய்வில், வட இந்தியாவைவிட வேலூர்ப் பகுதியில் இந்நோய் மிகமிகக் குறைவு. ஆனால் அதற்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வேறுபட்டது தட்டில் விழுந்த கோதுமை: வடக்கே நாளுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தியாக மாறிவிட்ட வீடுகள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் எடுக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனையிலும் சிறுகுடல் திசுப் பரிசோதனையிலும் நோய் தெரியாமல் போகலாம். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே முதலில் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள்.