சொட்டுக் கணக்கு: ஏலமலை மின்மாற்றியும் அதன் கேஸ்கெட்டும்

மின்மாற்றியின் கேஸ்கெட் ஓரத்தில் நிமிடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் கசிவதாகக் கொள்வோம். சொட்டு 0.05 மி.லி. எனில் நாளுக்கு 72 மி.லி., ஆண்டுக்கு 26.3 லிட்டர். தொட்டியில் 150 லிட்டர் இருந்தால் இது 17.5%. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் ஏலத் தோட்டத்தில் அந்த மின்மாற்றி நின்றால், கசிவு மாதக்கணக்கில் கண்ணில் படாமலே போகலாம்.

உள்ளே நுழையும் நீரின் கணக்கு இன்னும் கடுமையானது. எண்ணெயின் வெப்பம் 30 பாகை செல்சியஸ் ஏறி இறங்கினால், பாகைக்கு 0.00075 வீதம் 150 லிட்டர் எண்ணெய் 3.4 லிட்டர் விரிந்து சுருங்கும். அதே அளவு காற்று வெளியேறி உள்ளே வரும். மேல்மூடி கேஸ்கெட் பழுதானால் அந்தக் காற்று, ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா ஜெல்லைத் தொடாமல், மலையின் ஈரத்தோடு நுழையும். டேங்கரில் வரும் புதிய எண்ணெய்க்கு ஐ.இ.சி. 60296 தரநிலை அனுமதிக்கும் ஈரம் கிலோவுக்கு 30 மி.கி. 150 லிட்டர், அதாவது ஏறத்தாழ 130 கிலோ எண்ணெய்க்கு, மொத்தம் 4 கிராம் நீர்தான்.

எண்ணெய் படும் கேஸ்கெட்டாக எந்த ரப்பர் தாங்கும்? ஏ.எஸ்.டி.எம். டி2000 வகைப்பாட்டில் ரப்பரை ஐ.ஆர்.எம். 903 எண்ணெயில் 70 மணி நேரம் ஊறவைத்து உப்பும் அளவைப் பார்க்கிறார்கள். உச்சவரம்பு, 100 பாகையில் நைட்ரைல் ரப்பரின் பி.ஜி. வகைக்கு 40%, பி.கே. வகைக்கு 10%, 150 பாகையில் ஃபுளோரோ ரப்பரின் எச்.கே. வகைக்கு 10%. இயற்கை ரப்பருக்கும் இ.பி.டி.எம். ரப்பருக்கும் வரம்பே விதிக்கப்படவில்லை. எண்ணெய் தாங்கும் என்ற எதிர்பார்ப்பே அவற்றிடம் இல்லை. எனவே மலைக்கு மேற்கே கேரளத்தில் விளையும் இயற்கை ரப்பர் இந்த வேலைக்கு ஆகாது.

அனிலின் புள்ளி, அதாவது எண்ணெய் அதே அளவு அனிலினோடு முழுதும் கலக்கும் குறைந்தபட்ச வெப்பநிலை, குறையக் குறைய எண்ணெய் ரப்பரை அதிகம் உப்ப வைக்கும். ஐ.ஆர்.எம். 903 எண்ணெயின் அனிலின் புள்ளி 70 பாகை. மின்மாற்றி எண்ணெய்க்கான ஏ.எஸ்.டி.எம். டி3487 அனுமதிக்கும் குறைந்தபட்சமோ 63 பாகை. எனவே சோதனையில் 40% உப்பிய கேஸ்கெட் தொட்டியில் அதைவிடக் கூடுதலாக உப்பவும் இடமுண்டு.

வெப்பம் மலையில் சற்றுச் சாதகம். எண்ணெயின் மேல்மட்ட வெப்ப உயர்வுக்கு ஐ.இ.சி. 60076-2 வரம்பு 60 பாகை. 40 பாகைக் கோடையில் போடிநாயக்கனூர்ச் சமவெளியில் அது 100 பாகையாகும். சாதாரண நைட்ரைல் தொடர்ந்து தாங்கும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. சுமார் 1,000 மீட்டர் மேலே, அந்த வளைவுகள் ஏறிச் சேரும் போடிமெட்டில் காற்று 6 முதல் 7 பாகை குளிர்ச்சி. அந்த 6 பாகைதான் அங்கே கேஸ்கெட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இடைவெளி.

கொள்முதல் ஆவணத்தில் ‘எண்ணெய் தாங்கும் ரப்பர்’ என்று எழுதுவது போதாது. தொட்டியில் ஊற்றப்போகும் அதே எண்ணெயில் உப்பும் சதவீதத்தைக் கேட்க வேண்டும். 100 பாகையில் 164 மணி நேரம் வைத்து, ரப்பர் எண்ணெயைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் ஏ.எஸ்.டி.எம். டி3455 முடிவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.