பாங்காக்கில் திருவெம்பாவை

போச்சம்பள்ளியிலிருந்து பெங்களூர் போய் பாங்காக்குக்கு விமானம் ஏறும் நேயர்களே! அரண்மனை, மிதக்கும் சந்தை எல்லாம் பாருங்கள்; ராட்சத ஊஞ்சலை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1784-இல் முதலாம் ராமா மன்னர் காலத்தில் அமைந்தது. செஞ்சாயம் பூசிய தேக்குத் தூண்கள், ஏறக்குறைய 27 மீட்டர் உயரம். சிவபெருமானை வரவேற்கும் விழாவில் இதில் ஆடுகிறவர்கள், கம்பத்தில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். 1935-க்குப் பிறகு ஊஞ்சலாட்டம் இல்லை. ஆனால் பக்கத்திலேயே உள்ள தேவஸ்தானத்தில், தாய்லாந்து அரசவை அந்தணர்கள் நம் மார்கழித் திருவெம்பாவையை இன்றும் ஓதுகிறார்கள். பொருள் மறந்துபோனாலும் பாட்டை விடவில்லை; எவ்வளவு பெரிய விஷயம்! சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. நவராத்திரி சமயத்தில் போனால் அம்மன் ஊர்வலத்தையும் தரிசிக்கலாம்.