தொலைபேசிக் கம்பியில் ஓர் அறிவிப்புப் பலகை

திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? 217 அடி உயரமுள்ள கிழக்கு ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது கோயிலின் சுவர்களையும் உற்றுப் பாருங்கள். சோழர் காலந்தொட்டு வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்ற செய்திகளை அவை சொல்கின்றன. ஊருக்குத் தெரிய வேண்டியதைப் பொது இடத்தில் எழுதி வைப்பது, வருகிறவர் படித்துச் செல்வது: இதுதானே அறிவிப்புப் பலகையின் வேலை!

இதே வேலையைத் தொலைபேசி வழியாகக் கம்ப்யூட்டர்கள் செய்த காலம் ஒன்று உண்டு. இண்டர்நெட் வீடுகளுக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. அந்தப் பலகைகளை இன்று நீங்களும் எட்டிப் பார்க்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

பனிப்புயலில் பிறந்த பலகை

1978 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கடும் பனிப்புயல் வீசியது. வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் இருவர் அப்போது ஒரு வேலையில் இறங்கினர். தங்கள் சங்க உறுப்பினர்கள் குறிப்புகளை எழுதி வைக்க ஒரு மின்னணுப் பலகையை அமைத்தனர். 1978 பிப்ரவரி 16 அன்று அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு சிறு கம்ப்யூட்டர், செய்திகளைச் சேமிக்க ஃபிளாப்பி தட்டு. அவ்வளவுதான் சாதனம்.

ஓர் இணைப்புதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். மற்றவர்களுக்கு ‘எங்கேஜ்டு’ ஒலிதான் கேட்கும். ஆயினும் இத்தகைய பலகைகள் விரைவில் பல நாடுகளில் பரவின. 1984-இல் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் ‘ஃபைடோநெட்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். இதன்படி ஒரு பலகை மற்றொன்றைத் தானே அழைத்து, கடிதங்களைக் கைமாற்றியது.

நம் நாட்டிலும் இவை இருந்தன. பெங்களூரில் அதுல் சிட்னிஸ் நடத்திய ‘சிக்ஸ்’, பம்பாயில் இயங்கிய ‘லைவ் ஒயர்’ ஆகியவை பெயர் பெற்றவை. 1995 ஆகஸ்டு 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தது. அதன் பிறகு பலகைகள் ஒவ்வொன்றாக மௌனமாயின.

ஒளி ஒன்று, ஒலி இரண்டு

தொலைபேசிக் கம்பி பேச்சுக்காக ஏற்பட்டது. அதில் கம்ப்யூட்டரின் எண்கள் எப்படிப் போயின?

கார்த்திகைத் தீபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் தெரிந்தவுடன் சுற்றியுள்ள ஊர்களில் விளக்கேற்றுகிறார்கள். தீபம் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: ஏற்றியாயிற்றா, இல்லையா? கணிப்பொறி மொழியில் சொன்னால் இது ஒரு ‘பிட்’. இல்லை என்றால் 0, ஆம் என்றால் 1.

மோடம் என்ற கருவி 0, 1 இரண்டையும் ஒலியாக மாற்றியது. அமெரிக்காவில் வழங்கிய ஒரு முறையில், அழைப்பவரின் மோடம் 0-க்கு 1070 ஹெர்ட்ஸ் ஒலியையும் 1-க்கு 1270 ஹெர்ட்ஸ் ஒலியையும் எழுப்பியது. பதில் சொல்லும் மோடம் 2025, 2225 ஹெர்ட்ஸ் ஒலிகளைப் பயன்படுத்தியது. ஒலிகள் வேறுவேறு என்பதால் இருபுறமும் ஒரே சமயத்தில் ‘பேச’ முடிந்தது.

இதன் வேகம் விநாடிக்கு 300 பிட். ஓர் எழுத்துக்கு 8 பிட். தொடக்கத்தைக் காட்ட ஒன்று, முடிவைக் காட்ட ஒன்று, ஆக 10 பிட். எனவே விநாடிக்கு 30 எழுத்துகள். வரிக்கு 80 எழுத்து, 24 வரி கொண்ட திரையில் 1,920 எழுத்துகள் உள்ளன. அது நிரம்ப 64 விநாடி ஆகும்! திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருப் பலகையை எஸ்.டி.டி.யில் அழைப்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். எழுத்துகள் ஊர்ந்து வர, கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கம்பியில் இரைச்சல் புகுந்தால்? அதற்கும் கிறிஸ்டென்சன் 1977-இலேயே ‘எக்ஸ்மோடம்’ என்ற வழியைக் கண்டிருந்தார். கோப்பை 128 எண்கள் கொண்ட துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் கூட்டுத்தொகையையும் (அதை 256-ஆல் வகுத்த மீதியை) உடன் அனுப்ப வேண்டும். பெறுபவர் தாமும் கூட்டிப் பார்ப்பார். விடை ஒத்துவராவிட்டால் ‘மீண்டும் அனுப்பு’ என்பார். கடைக்கணக்கைச் சரிபார்ப்பது போலத்தான்!

பழைய கம்ப்யூட்டருக்கு மறுபிறவி

அந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? 1984-85-இல் ‘கிளாஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் நம் நாட்டில் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனின் ‘பி.பி.சி. மைக்ரோ’ கம்ப்யூட்டர்கள் வழங்கப்பட்டன. இதன் ‘பி’ மாதிரியின் நினைவகம் 32 கிலோபைட். 4 கிகாபைட் நினைவகமுள்ள இன்றைய கைப்பேசி இதைவிட ஒரு லட்சத்து முப்பதாயிரம் மடங்கு பெரியது.

அத்தகைய கைப்பேசிக்கோ கம்ப்யூட்டருக்கோ பழைய கம்ப்யூட்டராக ‘நடிக்க’க் கற்றுக்கொடுக்கலாம். அப்படி நடிக்க வைக்கும் நிரலே எமுலேட்டர். பி.பி.சி. மைக்ரோவின் மூளை 6502 என்ற சில்லு. எமுலேட்டர் 65,536 அறைகள் கொண்ட ஓர் அட்டவணையை அதன் நினைவகமாக வைத்துக்கொள்கிறது. ஓர் அறையில் உள்ள எண்ணைப் படிக்கிறது. அது 169 என்றால், ‘அடுத்த அறையில் உள்ள எண்ணை எடுத்து ‘ஏ’ என்ற பதிவகத்தில் வை’ என்று 6502 புரிந்துகொள்ளும். எமுலேட்டரும் அப்படியே செய்கிறது. பிறகு அடுத்த கட்டளை. இந்த நாடகத்தில் வேடிக்கை ஒன்று உண்டு: புதிய கம்ப்யூட்டர் மிக வேகமானது, பழையதைப் போல நடக்க அது அடிக்கடி நின்று காத்திருக்க வேண்டும்!

பி.பி.சி. மைக்ரோவுக்கு ‘பீப்எம்’ என்ற எமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய நிரல், மோடத்துக்கு என்று எண்களை வெளியே அனுப்புகிறது. எமுலேட்டர் அவற்றை வழியிலேயே பிடித்து இண்டர்நெட்டில் அனுப்புகிறது. மறுமுனையில், ஆர்வலர்கள் இன்றும் நடத்திவரும் பலகை அவற்றைப் பெறுகிறது. மோடம்போல நடிக்கும் நிரல்களும் உண்டு. அவற்றிடம் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாகப் பலகையின் இண்டர்நெட் முகவரியைக் கொடுத்தால் போதும். பழைய நிரலோ, தான் தொலைபேசியில் பேசுவதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இப்பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செல்லும் ‘டெல்நெட்’ முறையில் எழுத்துகள் மறைக்கப்படாமல் திறந்த அஞ்சலட்டைபோலப் போகின்றன. வேறு எங்கும் பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கே தராதீர்கள். வீட்டு முகவரி, தொலைபேசி எண் எதையும் எழுதாதீர்கள். ஆசிரியரையோ பெற்றோரையோ உடன் வைத்துக்கொண்டு முயலுங்கள்.

தமிழ் தெரியுமா அதற்கு?

தெரியாது. அப்பலகைகள் பெரும்பாலும் நம்பிய ஆஸ்கி முறையில் 128 இடங்களே உண்டு. தமிழுக்கு ஓரிடமும் இல்லை. பி.பி.சி. மைக்ரோவில் 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரக் கட்டத்துக்குள் நீங்களே எழுத்து வரையலாம். ‘ப’ எளிது; ‘ணை’ வரைந்து பாருங்கள், திண்டாட்டம் புரியும்! வரைந்தாலும் அது உங்கள் திரையில் மட்டுமே தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களில் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியது போன்ற முயற்சிகளால் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத முடிந்தது. ஆனால் எழுதுபவரிடம் உள்ள அதே எழுத்துரு படிப்பவரிடமும் இருக்க வேண்டியிருந்தது. எல்லா நாட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான எண்களை யூனிகோடு 1991-இல் தமிழுக்கு ஒதுக்கியது.

கல்லும் தட்டும்

கல்வெட்டைப் படிக்க வெளிச்சமும் பயிற்சியும் போதும். ஃபிளாப்பி தட்டு அப்படியல்ல. மெல்லிய பிளாஸ்டிக் மீது பூசிய காந்தப் பொடியில் அதன் செய்தி இருக்கிறது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். காந்தம் அருகே வந்தால் அழியும். படிக்கும் கருவியும் அரிதாகிவிட்டது. பலகையை நடத்தியவர் மின்சாரத்தை நிறுத்திய அன்றே பல பலகைகளின் உரையாடல்கள் மறைந்தன. அமெரிக்காவில் ஜேசன் ஸ்காட் என்பவர் 1998 முதல் பழைய பலகைகளின் கோப்புகளைச் சேகரித்து எல்லோரும் படிக்க வைத்திருக்கிறார். எமுலேட்டர் இயந்திரத்தைத்தான் மீட்கும். எழுதியதை மீட்க யாராவது முன்பே படியெடுத்திருக்க வேண்டும்.

உங்கள் பள்ளி அலமாரியிலோ உறவினர் வீட்டுப் பரணிலோ பழைய ஃபிளாப்பி தட்டு கிடக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்தால் தூக்கி எறிய விடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் வைத்து, உரியவரின் அனுமதியுடன், படியெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு புதிர்: 65, 66, 67 என்று அனுப்பிய எண்கள் 66, 65, 67 என வந்து சேர்ந்தால், எக்ஸ்மோடத்தின் கூட்டல் சோதனை தவற்றைக் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காது என்றால், சோதனையை எப்படித் திருத்துவீர்கள்? நண்பர்களுடன் எண்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கைமாற்றி விளையாடிப் பாருங்கள்.