முதுகெலும்பு: விழுந்தவரைத் தூக்கும் முன்

குர்பானி கறி பங்கிடும்போது கழுத்துத் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். எலும்பின் நடுவே ஒரு துளை, அதற்குள் வெள்ளையாக, மிருதுவாக ஒரு கயிறு. அதுதான் தண்டுவடம். மூளையின் கட்டளை கை கால்களுக்குப் போவதும், அங்கிருந்து வலியும் தொடு உணர்ச்சியும் மூளைக்கு வருவதும் அதன் வழியாகத்தான்.

ஆட்டின் கழுத்தில் 7 எலும்புகள். நமக்கும் 7. ஒட்டகச்சிவிங்கியின் அவ்வளவு நீண்ட கழுத்திலும் அதே 7தான். அவற்றில் பெரும்பாலானவை ஒரு சாண் அளவுக்கு நீளம், சுப்ஹானல்லாஹ்! அதன் கீழே விலா எலும்புகள் சேரும் முதுகெலும்புகள் நமக்கு 12, ஆட்டுக்கு 13. பிறகு நம் இடுப்பில் 5. அதற்கும் கீழே ஒன்றாக இணைந்துவிட்ட 5. முடிவில் வால் எலும்பு. ஹதீஸில் வரும் 'அஜ்புத் தனப்' இதுவே என்று உலமாக்கள் விளக்குவார்கள்.

ஆட்டின் முதுகு நான்கு கால்கள் தாங்கும் பாலம். நம் முதுகோ நிமிர்ந்த தூண். மேல் பாரம் முழுவதும் இடுப்பின் கடைசி எலும்புகளில் இறங்குகிறது. எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் அங்கேதான் அதிகம் பிதுங்குகிறது. 'டிஸ்க் விலகிவிட்டது' என்கிறோமே, உண்மையில் அது விலகுவதில்லை. பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் வலி காலுக்கு இறங்குகிறது.

நாம் அதிகம் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தென்னை மரத்திலிருந்தோ பைக்கிலிருந்தோ ஒருவர் விழுந்தால், நல்லெண்ணத்தோடு நாலு பேர் ஓடிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கிறோம். விழுந்ததில் எலும்பு மட்டும் உடைந்து, தண்டுவடம் தப்பியிருக்கக்கூடும். நாம் தூக்கும்போது உடைந்த எலும்பு நகர்ந்து அதை நசுக்கிவிட்டால் கை கால் செயலிழந்துவிடும். கழுத்தின் மேற்பகுதி என்றால் மூச்சே நின்றுவிடும். அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்க மருத்துவத்தில் இன்றும் வழியில்லை.

ஆகவே, அவர் மூச்சு விடுகிறாரா என்று முதலில் பாருங்கள். மூச்சு இருந்தால் கிடந்தபடியே விட்டு 108-ஐ அழையுங்கள். ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து, இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். எழுப்பி உட்கார வைக்கவோ தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். மூச்சுக்குத் தடையாக இல்லாதவரை ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். வாந்தி எடுத்தால், தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் மூன்று நான்கு பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள்.