குறைவும் மிகையும்

நுழையும்முன்

மாலைக்கண், பெரிபெரி, ஸ்கர்வி, ரிக்கெட்ஸ் எனக் குறைபாட்டு நோய்களின் பெயர்களைத் தொடக்கப்பள்ளி முதலே மனப்பாடம் செய்துவந்திருக்கிறோம். உயிர்ச்சத்து குறைந்தால் நோய் வரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அச்சத்தே அளவு கடந்து உடலுள் சென்றால் என்ன நேரும்? மாத்திரையாகவும் பொடியாகவும் மிட்டாயாகவும் உயிர்ச்சத்துகள் கடைகளில் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில் அனைவரும் விடை அறிந்திருக்கவேண்டிய வினா இது.

உறைபனியில் ஒரு புதிர்

1912ஆம் ஆண்டின் இறுதி. ஆஸ்திரேலிய நிலவியல் அறிஞர் டக்ளஸ் மாசன், ஆங்கிலேயப் படை அலுவலர் நின்னிஸ், சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் சேவியர் மெர்ட்ஸ் ஆகிய மூவரும் அண்டார்க்டிகாவின் உட்பகுதியை ஆராயச் சென்றிருந்தனர். டிசம்பர் 14 அன்று பனிப்பிளவு ஒன்றினுள் நின்னிஸ் வீழ்ந்து மறைந்தார். உணவின் பெரும்பகுதியும் வலிமை மிக்க நாய்களும் அவரோடு சென்றுவிட்டன. பாசறையோ ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. எஞ்சிய இருவரும் வண்டி இழுத்த நாய்களையே ஒவ்வொன்றாக உணவாக்கிக்கொண்டு திரும்பி நடந்தனர். நாய்களின் இறைச்சி மெல்ல இயலாதபடி கடினமாக இருந்தது. கல்லீரலோ மென்மையாக இருந்தது. எனவே, அதனை அவர்கள் விரும்பி உண்டனர்.

சில நாள்களில் இருவருக்கும் வயிறு நொந்தது, தோல் உரிந்தது, முடி உதிர்ந்தது. மெர்ட்ஸ் மனம் குழம்பினார்; வலிப்புக்கு ஆளாகி 1913 ஜனவரி 8 அன்று உயிர் நீத்தார். உள்ளங்காலின் தோல் முழுவதும் கழன்ற நிலையில் மாசன் மட்டும் பிப்ரவரியில் பாசறையை அடைந்தார்.

அதே 1913இல்தான் அமெரிக்காவில் மெக்காலமும் டேவிஸும் வெண்ணெய்க் கொழுப்பிலும் முட்டையின் மஞ்சள்கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் உண்டு எனக் கண்டறிந்தனர். பின்னாளில் அது வைட்டமின் ஏ எனப் பெயர் பெற்றது. மெர்ட்ஸின் இறப்புக்கு நாயின் கல்லீரலில் செறிந்திருந்த அதே வைட்டமின் ஏ காரணமாகலாம் என்று ஆஸ்திரேலிய மருத்துவ அறிஞர்கள் 1969இல் எடுத்துரைத்தனர். பட்டினியும் குளிரும் காரணமாகலாம் என்று வேறு விளக்கம் தருவோரும் உளர். எனினும், துருவ விலங்குகளின் கல்லீரல் நஞ்சாகும் என்பது புதிய செய்தியன்று. 1597இல் நோவாயா செம்லியா தீவில் பனிக்காலத்தைக் கழித்த டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் கல்லீரலை உண்டு நோயுற்றதையும், அவர்களுள் மூவருக்கு உடல் முழுதும் தோல் உரிந்ததையும் அக்குழுவினர் எழுதிய நாட்குறிப்பு தெரிவிக்கிறது. அக்கல்லீரலில் வைட்டமின் ஏ மிகுந்திருப்பதை 1943இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர்.

பெயர் தந்த நம்பிக்கை

உயிர்ச்சத்துகள் இல்லாமையின் வழியாகவே மனிதர்க்கு அறிமுகமாயின. சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் துவண்டு வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியை உண்டபின் அவை தேறி நடப்பதையும் கண்டார். 1912இல் காசிமிர் ஃபங்க் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயரிட்டார். 'வீட்டா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உயிர் என்பது பொருள். தமிழிலும் உயிர்ச்சத்து என்றே வழங்குகிறோம். உயிரைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஒன்று தீங்கு செய்யும் என்று யார்தாம் ஐயுறுவர்?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியை அறியாதார் இலர். ஆனால், எது அளவு என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அது சத்துக்குச் சத்து வேறுபடுகிறது.

பி வகை உயிர்ச்சத்துகளும் சி உயிர்ச்சத்தும் நீரில் கரைபவை. ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலிங்கின் வழியே வெளியேறுவதுபோல, இவற்றின் மிகை பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஏ, டி, இ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. இவற்றுள் ஏ கல்லீரலிலும் டி உடற்கொழுப்பிலும் குதிரில் இட்ட நெல்போலத் தங்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் 1 இலட்சம் அலகும், பின்னர் ஐந்து வயதுவரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 இலட்சம் அலகும் வைட்டமின் ஏ கரைசல் தரப்படுகிறது. கல்லீரல் அதனைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாக வழங்குவதனால்தான் ஆறு மாத இடைவெளி போதுமானதாகிறது. கண்களைக் காக்கும் அரிய திட்டம் இது. இடைவெளியைப் பொருட்படுத்தாமல் நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் அச்சேமிப்பே கல்லீரலுக்குச் சுமையாகிவிடும். வளர்ந்தோர்க்கு ஒரு நாளைக்கு 3000 மைக்ரோகிராம் ரெட்டினால் என்பது மேல்வரம்பு. கருவுற்ற மகளிர் அதனைக் கடந்தால் கருவின் உறுப்பு வளர்ச்சி சிதையக்கூடும்.

நாள் ஒன்றா, வாரம் ஒன்றா?

இன்று நம் நாட்டில் பெரிதும் கருதத்தக்கது வைட்டமின் டி. வெயில் மிகுந்த நாட்டில் வாழ்ந்தும் நம்மிற் பலருக்கு இச்சத்து குறைந்திருக்கிறது. அதனை ஈடுசெய்ய மருத்துவர்கள் 60,000 அலகு கொண்ட பொடியையோ மாத்திரையையோ வாரம் ஒன்று எனச் சில வாரங்களுக்கு மட்டும் பரிந்துரைக்கின்றனர். ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 600 அலகே. ஆக, அச்சிறு பொட்டலம் ஒன்றில் 100 நாள்களுக்கு உரிய சத்து அடங்கியுள்ளது. மற்ற மாத்திரைகளை நாள்தோறும் உண்டு பழகியவர் இதனையும் நாள்தோறும் உண்பாராயின், இரண்டு மாதத்தில் 36 இலட்சம் அலகு உடலுள் சேர்ந்துவிடும். மருந்துச்சீட்டின் ஒரு சொல்லைத் தவறாகப் படிப்பதால் விளையும் கேடு இது. சீட்டு முடிந்த பின்னும் தாமே கடையில் கேட்டு வாங்கித் தொடர்வோர் உளர். தமக்கு எழுதித் தந்ததை அண்டை வீட்டார்க்கும் அன்போடு பரிந்துரைப்போரும் உளர். நம் ஊர்களில் மருந்தைப் பகிர்வதும் விருந்தோம்பலின் ஒரு கூறாகவே ஆகிவிட்டது!

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளத் துணைபுரிவதே வைட்டமின் டியின் தலையாய பணி. அது மிகும்போது குடல் அளவின்றிக் கால்சியத்தை உறிஞ்சும். எலும்பிலிருந்தும் கால்சியம் குருதியில் கலக்கும். எலும்பை உறுதிசெய்யும் என்று நம்பி உண்டது எலும்பையே கரைக்கத் தொடங்கும். தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், தசைத்தளர்ச்சி ஆகியவை தோன்றும். முதியோரிடம் மனக்குழப்பமும் தோன்றலாம். சிறுநீரகத்தில் கால்சியம் படிந்து அதன் செயலைக் குலைக்கும். களைப்பு நீங்கவேண்டும் என்று மாத்திரையைத் தொடங்கியவர்க்கு மிகையாலும் களைப்பே தோன்றுகிறது. சத்து இன்னும் போதவில்லை என்று எண்ணி அவர் மேலும் உண்கிறார். குறைவும் மிகையும் ஒரே குரலில் பேசுவதனால் நேரும் மயக்கம் இது.

வெயிலில் நிற்போர்க்கு இத்தகைய நஞ்சேற்றம் நேர்வதில்லை. தோலில் உருவாகும் முன்பொருள் அளவு கடந்தால், அதே கதிரொளி அதனைச் செயலற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. தோலுக்கு இயற்கை அமைத்துள்ள இக்காவல் விழுங்கும் மாத்திரைக்கு இல்லை.

மரத்துப்போகும் கால்கள்

நீரில் கரைபவை யாவும் தீங்கற்றவை என்று கருதுதலும் பிழையே. பி6 என்னும் பிரிடாக்சின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் போதும். கிராம் கணக்கில் அதனை நாள்தோறும் உட்கொண்ட எழுவர்க்குப் பாதங்களில் உணர்ச்சி குன்றி நடை தள்ளாடியதை 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். அதனினும் குறைந்த அளவை நெடுநாள் உண்டோர்க்கும் நரம்புப் பாதிப்பு நேர்ந்தது பின்னர் அறியப்பட்டது. கால் மரத்துப்போகிறது என்றால் 'நரம்புக்குச் சத்து மாத்திரை' கேட்டு வாங்குவது நம்மிடையே பரவிய வழக்கம். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும். மிகுந்தாலும் நரம்பு கெடும். உண்பவர் இவ்விரண்டனுள் எது என்பதைத் தாமே பிரித்தறிய இயலாது.

சி உயிர்ச்சத்தை நாள்தோறும் 2 கிராமுக்கு மேல் உண்டால் வயிற்றுப்போக்கு உண்டாகும். சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் தோன்றலாம். ஃபோலிக் அமிலத்தின் மிகை, பி12 குறைவால் வரும் சோகையைச் சரிசெய்துவிட்டு நரம்பின் சிதைவை மட்டும் மறைவாகத் தொடரவிடும். பி12க்கோ மேல்வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. எழுத்தும் எண்ணும் ஒன்றுபோல் தோன்றினும் இயல்பு ஒன்றன்று.

கீரையும் மாத்திரையும்

முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ளது பீட்டா கரோட்டின். உடல் தனக்கு வேண்டிய அளவுக்கே அதனை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கேரட்டை அளவின்றி உண்பவரின் தோல் சற்று மஞ்சளாகலாம், நஞ்சேறுவதில்லை. காய்கனிகளை மிகுதியாக உண்போர்க்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததனால், கரோட்டினை மாத்திரையாக்கித் தந்தால் அந்நோயைத் தடுக்கலாம் என அறிவியலாளர் கருதினர். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் ஆய்வு நடந்தது. 1994இல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போரிடமும் கல்நார்த் தொழிலாளரிடமும் நடைபெற்ற மற்றோர் ஆய்வில் கரோட்டினோடு வைட்டமின் ஏவும் தரப்பட்டது. அங்கும் நோய் 28 விழுக்காடு மிகுந்தமையால் 1996 ஜனவரியில் மாத்திரை தருவதை இடையிலேயே நிறுத்தினர். கீரையில் கரோட்டின் தனித்து நிற்பதில்லை. நூற்றுக்கணக்கான பொருள்களோடு சிறிதளவே கலந்துள்ளது. அதனை மட்டும் பிரித்துச் செறிவாக்கித் தருவது கீரையைத் தருவதாகாது. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகைகளைப் பட்டியலிடவில்லை. பசி அறிந்து அளவோடு உண்பதையே பெரிதும் பேசுகிறார்.

தெரிந்து தெளிவோம்

உயிர்ச்சத்துகளின் அளவு சில உறைகளில் பன்னாட்டு அலகிலும் சிலவற்றில் மைக்ரோகிராமிலும் குறிக்கப்படுகிறது. வைட்டமின் டியில் 40 அலகு 1 மைக்ரோகிராமுக்குச் சமம். வைட்டமின் ஏவில் 1 மைக்ரோகிராம் ரெட்டினால் ஏறத்தாழ 3.3 அலகுக்குச் சமம். ஆகவே 60,000 அலகு வைட்டமின் டி என்பது 1500 மைக்ரோகிராம், அதாவது 1.5 மில்லிகிராம். மிகச் சிறிய அளவுதான்!

உறைகளை ஒருங்கே காண்க

ஒரே மாத்திரையால் மட்டும் அளவு மிகுவதில்லை. காலையில் பல சத்துகள் அடங்கிய மாத்திரை, பாலில் கலக்கும் ஊட்டப்பொடி, எலும்புக்கெனக் கால்சியத்தோடு சேர்ந்த வைட்டமின் டி, முடி உதிர்வுக்கென மற்றொன்று என நான்கு வழிகளில் ஒரே சத்து உடலுள் சேரலாம். தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் வரம்புக்கு உட்பட்டதே. வைட்டமின் ஏ மிகுந்தாலும் முடி உதிரும் என்பதை முன்னரே கண்டோம். மருத்துவரிடம் செல்லும்போது மருந்துகளை மட்டும் கூறி, 'இது வெறும் சத்து மாத்திரை' என்று மற்றவற்றை விட்டுவிடுகிறோம். வீட்டிலுள்ள எல்லா உறைகளையும் புட்டிகளையும் ஒரு பையில் இட்டு அவர் முன் வைத்தால் கூட்டுத்தொகை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வார்ஃபரின் போன்ற குருதி உறைவைத் தடுக்கும் மருந்தை உண்போர் இதனைத் தவறாது செய்யவேண்டும். வைட்டமின் கே அம்மருந்தின் செயலைத் தடுத்துவிடும்.

மிகை கண்டறியப்பட்டால் செய்யவேண்டிய முதற்செயல் மாத்திரையை நிறுத்துவது. டி மிகையைக் குருதியில் உள்ள கால்சியத்தையும் வைட்டமின் டியையும் அளந்து உறுதிசெய்வர். கால்சியம் மிக உயர்ந்திருந்தால் மருத்துவமனையில் சேர்த்து, நாளம் வழியே உப்புநீர் செலுத்தி அதனைக் குறைப்பர். பி6ஆல் வந்த மரமரப்பு நிறுத்தியபின் மெல்ல மெல்லக் குறையும். சிலருக்கு முற்றும் நீங்குவதில்லை. கொழுப்பில் தங்கிய வைட்டமின் டியோ மாத்திரையை நிறுத்திய பின்னும் பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள், குருதியில் கசிந்துகொண்டே இருக்கும். அதுவரை குருதிப் பரிசோதனையும் தொடரும்.