'போர்டு போச்சு' என்றதும் நம்பி விடாதீர்கள்!

எங்கள் வீட்டு லேப்டாப் 2013-ல் வாங்கியது. காலமான என் மாமனாரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறு எதிலும் பிரதி எடுத்து வைக்கவில்லை. என் அசட்டுத்தனம்தான்!

போன மாதம் ஒருநாள் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் ஒரே கறுப்பு. விட்டு விட்டு 'பீப்... பீப்...' என்று சத்தம். கடைக்குத் தூக்கிக் கொண்டு போனேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போயிடுச்சும்மா, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "அப்போ அவரோட படமெல்லாம் போச்சா?" என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் வேலை தெரிந்த என் தம்பிக்குப் போன் செய்தேன். "பயப்படாதக்கா. பீப் சத்தம் வருதுன்னா போர்டுக்கு இன்னும் உயிர் இருக்குன்னு அர்த்தம். அநேகமா ரேம்தான் கெட்டிருக்கும். படமெல்லாம் ஹார்டு டிஸ்க்ல பத்திரமா இருக்கும்" என்றான்.

ரேம் என்பது நம் சமையல் மேடை மாதிரி. வேலை நடக்கும்போது மட்டும் சாமான்களை எடுத்து வைத்துக்கொள்ளும் இடம். ஹார்டு டிஸ்க்தான் மளிகை அலமாரி. மேடை இடிந்தால் சமைக்க முடியாது. அதற்காக அலமாரியில் இருக்கும் அரிசி, பருப்பு காணாமல் போய்விடுமா?

தம்பி போனிலேயே சொல்லச் சொல்ல, நானே செய்தேன். முதலில் கரண்டு ஒயரைப் பிடுங்கி, பாட்டரியையும் கழற்றினேன். பிறகு பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடித்தேன். உள்ளே தங்கியிருக்கும் கொஞ்சநஞ்ச மின்சாரமும் போய்விடுமாம். நைலக்ஸ் புடவை கட்டியிருந்தேன். அதில் உண்டாகும் மின்சாரமே ரேமைக் கெடுத்துவிடும் என்று அவன் சொன்னதால், நூல் புடவைக்கு மாறி, ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பின்பக்கத்துச் சின்ன மூடியின் திருகைக் கழற்றினால், இரண்டு ரேம் இருந்தன. இரண்டு பக்கக் கொக்கிகளையும் வெளிப்பக்கமாக விலக்கியதும் ரேம் தானே சாய்ந்து எழும்பியது. அதன் தங்க நிறப் பற்கள் கறுத்திருந்தன. குழந்தையின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினேன். அப்படியும் 'பீப்' நிற்கவில்லை.

"ஒண்ணு ஒண்ணா மாட்டிப் பாருக்கா" என்றான். ஒவ்வொரு முறையும் பாட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மாற்றினேன். ஒரு ரேமை எந்தக் குழியில் போட்டாலும் பீப்தான். இன்னொன்றை எந்தக் குழியில் போட்டாலும் திரை பளிச்சென்று வந்துவிட்டது! ஆக, குழியும் நல்லது, போர்டும் நல்லது. கெட்டது ஒரே ஒரு ரேம்.

முதல் காரியமாகப் படங்களை இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். அப்புறம் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி, மீதமிருந்த ரேமையும் சோதித்தேன். அந்த வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, காசு கிடையாது. பிழை இல்லை என்று வந்தது. வேகம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

சகோதரிகளே, சில எச்சரிக்கைகள்: 'பீப்' கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். மெல்லிய புது லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும். அதில் கை வைக்காதீர்கள். வாரண்டி இருந்தாலும் திறக்க வேண்டாம். புது ரேம் வாங்கப் போனால் பழசைக் கையோடு கொண்டு போங்கள். டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது, வெட்டே வேறு இடத்தில் இருக்கும். நீங்களே திறக்கத் தயக்கமாக இருந்தால், கடையில் "ரேமை ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க" என்றாவது கேளுங்கள்.

அன்று மாலை மாமியார் மாலையும் கழுத்துமான மாமனாரைத் திரையில் வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். "இனிமே இதைப் பிரிண்ட் போட்டு வெச்சிடும்மா" என்றார். மறுநாளே போட்டுவிட்டேன்.

- ஒரு வாசகி