இரைப்பை சிறுத்த பின்



நான் 35 ஆண்டுகள் பள்ளிப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லேன். ஆயினும், உடற்பருமனைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒருவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச முன்வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் பழைய மாணவர் ஒருவர். பள்ளி நாட்களில் வகுப்பிலேயே மிகப் பருமனான பிள்ளை அவர்தாம். அவருக்கு ஒரு பட்டப்பெயர் வழங்கிற்று. உடன்பயின்ற சிறுவர்கள் அதைச் சூட்டியிருந்தால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். சூட்டியவன் நான். அப்பெயரை இங்கே மீண்டும் சொல்லப்போவதில்லை.

நாற்பது வயதைக் கடந்த நிலையில், சில ஆண்டுகளுக்கு முன் அவர் என் இல்லத்திற்கு வந்தார். எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அறுவை செய்துகொண்டு ஓராண்டு ஆயிற்று என்றார். என் துணைவியார் இலை போட்டார். அவர் ஓர் இட்டலியில் பாதியை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார். "என்ன தம்பி, கோழி கொத்துவதுபோல் கொத்துகிறாய்!" என்று சொல்லி, நானே ஒரு ஜாங்கிரியை எடுத்து அவர் இலையில் வைத்தேன். ஆசிரியர் இட்டதை மறுக்கலாகாது என்று அவர் உண்டுவிட்டார். கால் மணி நேரத்திற்குள் வியர்வை பெருகி, நெஞ்சு படபடத்து, திண்ணையில் படுத்துவிட்டார். நான் நடுங்கிப்போனேன். அவரோ, "பயப்படாதீர்கள் ஐயா, சற்று நேரத்தில் சரியாகிவிடும்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

என்ன நிகழ்ந்தது என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன். நம் இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளவல்லது. உணவை வாங்கி வைத்துக்கொண்டு, கூழாக்கி, சிறுகச் சிறுகச் சிறுகுடலுக்கு அனுப்புவது அதன் வேலை. அவருக்குச் செய்யப்பட்ட அறுவையில், இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் 30 மில்லி லிட்டர் மட்டும் கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். ஆகவே தின்ற சர்க்கரை தங்கி நிற்காமல் குடலில் போய்ச் சேர்கிறது. அது நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. படபடப்பும் மயக்கமும் வருகின்றன. மற்றொரு முறையில், இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீக்கி, வாழைப்பழம் போன்ற குழாயாக மிச்சத்தை விடுகிறார்கள்.

முதலில் சொன்ன முறையை 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன், சிகாஷி இட்டோ என்னும் இருவர் செய்து காட்டினர். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்துபோவதையும், மீண்டும் எடை கூடாதிருப்பதையும் மேசன் கவனித்திருந்தார். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் இரைப்பையிலிருந்தே வருவது. பருமனானவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று பேசும் நமக்கு இச்செய்தி ஒரு பாடம். பசி மன உறுதியால் மட்டும் அடங்குவதன்று.

அறுவை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்பது தவறு. சோற்றைக் குவித்துக் குழம்பு ஊற்றும் நம் வழக்கம் இனி உதவாது. நாளொன்றுக்கு 60 கிராமேனும் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் உள்ளது 6 கிராம் அளவே என்பதை எண்ணிப் பாருங்கள். எனவே பருப்பு, சுண்டல், தயிர், மீன் ஆகியவற்றை முதலில் உண்டு, இடமிருந்தால்தான் சோறு. உணவோடு தண்ணீர் குடிக்கலாகாது. அரைமணி நேரம் கழித்து மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். மது விரைவில் தலைக்கேறும். அதை அறவே தவிர்ப்பதே நன்று. மூன்றாம் மாதத்திற்கு மேல் முடி உதிர்வதைக் கண்டு பலர் கலங்குவர். சத்துக் குறையாதிருந்தால் அது மீண்டும் வளரும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருவுறுதலைத் தள்ளிப்போட வேண்டும்.

பலர் தவறும் இடம் மாத்திரை. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில் ஈர்க்கப்படுகின்றன. உணவோ இப்போது அவ்வழியே செல்வதில்லை. வைட்டமின் பி-12 உடலில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் துணைநிற்க வேண்டும், அதுவும் குறைந்துவிட்டது. ஆனால் கல்லீரலில் பி-12 ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருப்பதால் குறை உடனே தெரியாது. என் மாணவர் இரண்டாம் ஆண்டில், "நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று மாத்திரைகளை நிறுத்திவிட்டார். நான்காம் ஆண்டில் பாதங்கள் மரத்து, மாடிப்படி ஏறவே தள்ளாடினார். ஊசி மருந்தால் தேறினார். மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் வேண்டும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், வைட்டமின் பி-1 குறைந்து நரம்புகள் கெடும். அப்போது ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

உடலின் கதை இது. மனத்தின் கதை வேறு. மெலிந்தவரைக் கண்டதும் நம் ஊரார், "சர்க்கரை வியாதியா?" என்பர், உண்மை தெரிந்தால், "குறுக்கு வழி" என்பர். துயரத்திற்கு ஆறுதலாக இருந்த உணவும் இப்போது கைவிட்டுப்போகிறது. சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாவதும், தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ள முனைவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. இதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

என் மாணவரைத் தாங்கியது ஒரு சிறு கூட்டம். மருத்துவமனையில் மாதம் ஒருமுறை, இவ்வறுவை செய்துகொண்டவர்கள் கூடி அமர்கிறார்கள். கலியாணப் பந்தியில் எப்படி உட்காருவது என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கு வரும் ஒரு பாட்டியார்: "இலையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள், பேசிக்கொண்டே இரு, மற்றவர் எழும்போது எழுந்துவிடு." ஐந்தாம் ஆண்டில் அவர் எடை ஏழு கிலோ கூடியது. ஓரளவு கூடுவது பலருக்கும் உள்ளதே. வீட்டில் தலைகுனிந்திருந்தவர் அங்கே அதை உரக்கச் சொன்னார், ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கூட்டத்தில் ஒருநாள், தம் உடலைப் பற்றி முதன்முதலாக எப்போது வெட்கப்பட்டீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்களாம். "ஏழாம் வகுப்பில் என்று சொன்னேன் ஐயா. யார் என்று சொல்லவில்லை" என்றார். சென்ற மாதம் எங்கள் வீட்டில், சிறு கிண்ணத்தில் தயிரும் சுண்டலும் உண்டுகொண்டே சொன்னார். நானும் அவருக்கு இணையாக மெதுவாக உண்ண முயன்றுகொண்டிருந்தேன். முப்பது நிமிடம் ஆயிற்று. என் தவற்றை மன்னிக்கும்படி கேட்டேன். அவர் பேசாமல் இருந்தார். பிறகு, அக்கூட்டத்திற்கு நானும் வரலாமா என்றேன். குடும்பத்தார் மட்டும் வரலாம் என்றார். என்னை எவ்வாறு சேர்ப்பது என்று இருவரும் சற்று யோசித்தோம்.

"பெரியப்பா என்று எழுதிவிடுகிறேன் ஐயா" என்றார்.